பொம்மை ரயில் லேஅவுட்டில் நிஜத்தை ஒத்த டிராம்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

லேஅவுட்டில், அதாவது தண்டவாளமும் தெருவும் கட்டடங்களுமாக அமைத்த பொம்மை ரயில் தளத்தில், டிராம் வண்டி ஒன்றைச் சேர்த்த பலர், சில நாள் ஓட்டிப் பார்த்த பிறகு "என்னவோ பொம்மை மாதிரியே இருக்கிறது" என்று குறைப்பட்டுக்கொண்டு வண்ணப் புட்டியைக் கையில் எடுக்கிறார்கள். அந்த வரிசை தவறு. டிராம் நிஜமாகத் தெரியாததற்குப் பெரும்பாலும் அளவு, வேகம், வளைவில் அது திரும்பும் விதம், மேல்கம்பியைத் தொடும் கூரைக் கம்பத்தின் திசை ஆகிய நான்கில் ஒன்றுதான் காரணமாக இருக்கிறது. வண்ணமும் நுணுக்க வேலைப்பாடும் அவற்றுக்குப் பிறகே வருகின்றன. ஆகவே இந்த வழிமுறை ஏறத்தாழ அதே வரிசையில் செல்கிறது. உங்கள் வண்டியில் தென்படும் அறிகுறிக்கு நேரே போகலாம். ஆனால் வண்ணப் பகுதிக்குப் போகும் முன், வண்டி ஒரு முழுச் சுற்றைத் தடையின்றி ஓடி முடிக்கிறதா என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்; பூசிய பிறகு பழுதுக்காக வண்டியின் மேல்கூட்டைக் கழற்றினால் புது வண்ணம்தான் முதலில் கீறப்படும்.

அறிகுறி: பக்கத்தில் நிற்கும் ரயிலோடும் கட்டடங்களோடும் டிராம் ஒட்டவில்லை

பெட்டியின் மேல் எழுதியிருக்கும் எழுத்து, பல நேரங்களில் வண்டி எந்தத் தண்டவாளத்தில் ஓடும் என்பதை மட்டுமே சொல்கிறது. வண்டியின் அளவு விகிதத்தைச் சொல்வதில்லை. 32 மி.மீ. அகலமுள்ள ஓ கேஜ் தண்டவாளத்தில் 1:48 விகிதத்தில் துல்லியமாகச் செய்த டிராமும் ஓடும். வீட்டுத் தரையில் விரிக்கும் இறுக்கமான வளைவுகளுக்காக நீளத்தையும் அகலத்தையும் குறைத்துச் செய்த டிராமும் ஓடும். 16.5 மி.மீ. தண்டவாளத்திலும் இதே நிலைதான்: எச்.ஓ. எனப்படும் 1:87 வண்டிகளும், பிரிட்டனில் வழங்கும் 1:76 வண்டிகளும், குறும்பாதை ரயிலைக் காட்டும் ஓ.என்.30 என்ற 1:48 வண்டிகளும் அதே பாதையில் ஓடுகின்றன. மூன்றையும் ஒரே தெருவில் நிறுத்தினால் கண் உடனே கண்டுபிடித்துவிடும்.

எனவே அளவுகோலை எடுத்து அளந்துவிடுங்கள். 1936-இல் ஓடத் தொடங்கிய பி.சி.சி. என்ற அமெரிக்க வகை டிராம் ஏறத்தாழ 14 மீட்டர் நீளமும் 2.5 மீட்டர் அகலமும் கொண்டது. அது 1:48-இல் சுமார் 290 மி.மீ., 1:87-இல் 160 மி.மீ., என் அளவான 1:160-இல் 88 மி.மீ. நீளம் வர வேண்டும். இரண்டே அச்சுகள் கொண்ட சிறிய பர்னி வகை டிராம் சுமார் 8.5 மீட்டர் நீளம். அதே மூன்று விகிதங்களில் முறையே 177, 98, 53 மி.மீ. ஆகும். உங்கள் வண்டி இவற்றைவிட வெகுவாகக் குட்டையாக இருந்தால் அது சுருக்கப்பட்ட மாதிரி.

சுருக்கப்பட்டது என்பதற்காக அதை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. கட்டடங்களும் தெருக்களும்கூடச் சுருக்கப்பட்டுள்ள ஒரு லேஅவுட்டில், முழு நீள டிராம்தான் அந்நியமாகத் தெரியும். நீளத்தில் ஏற்படும் குறையைக் கண் எளிதில் பொறுத்துக்கொள்கிறது. கதவின் உயரத்தில் ஏற்படும் பிழையைப் பொறுத்துக்கொள்வதே இல்லை. 1.7 மீட்டர் உயரமுள்ள மனிதர் 1:48-இல் 35 மி.மீ., 1:87-இல் ஏறத்தாழ 20 மி.மீ. இருப்பார். அந்த அளவுள்ள உருவம் ஒன்றை டிராமின் கதவருகே நிறுத்திப் பாருங்கள். தலை குனியாமல் ஏறக்கூடிய கதவாகவும், படி முழங்காலைத் தாண்டாததாகவும் இருந்தால் அந்த வண்டி உங்கள் லேஅவுட்டுக்குப் பொருந்தும்.

அறிகுறி: மனத்துக்கு ஏற்ற வண்டியே அகப்படவில்லை

டிராம் மாதிரிகள் ரயில் எஞ்சின்களைப் போல ஆண்டு முழுவதும் கடைகளில் இருப்பவை அல்ல. சிறு தொகுதிகளாக வந்து தீர்ந்துபோகின்றன. ஓ கேஜில் லயனெல், எம்.டி.எச்., கே-லைன் ஆகிய பெயர்களிலும், எச்.ஓ.வில் பாக்மன், பவ்சர் ஆகிய பெயர்களிலும் தேடலாம். என் அளவில் கேட்டோவும் டோமிடெக்கும் டிராம்களையும், மேலே வேறு கூட்டை மாட்டிக்கொள்ளத்தக்க சிறிய ஓடுசட்டங்களையும் செய்திருக்கின்றன. இவற்றில் பல இன்று பழைய இருப்பாகவோ கைமாறிய சரக்காகவோதான் கிடைக்கும்.

தேடும்போது நகரத்தின் பெயரைக் கொண்டு தேடாமல் வண்டி வகையின் பெயரைக் கொண்டு தேடுங்கள். பர்னி, பீட்டர் விட், பி.சி.சி. என்ற வகைப் பெயர்களும் பிரில் என்ற தயாரிப்பாளர் பெயருமாக நான்கு பெயர்களே தேடலில் பாதி வேலையை முடித்துவிடும். வண்ணம் வேறு நகரத்தினுடையதாக இருந்தாலும் கூடு சரியானதாக இருந்தால் வாங்கலாம். வண்ணத்தை மாற்றலாம், சன்னல்களின் எண்ணிக்கையை மாற்றுவது கடினம். பல நகரங்களின் வண்டிகளை ஒரே தெருவில் ஓட்ட விரும்புவோருக்கு நிஜத்திலேயே முன்மாதிரி உண்டு: சான்பிரான்சிஸ்கோவில் 1995-இல் தொடங்கிய எஃப் தடத்தில், வெவ்வேறு நகரங்களின் வண்ணங்களைப் பூண்ட பி.சி.சி. வண்டிகளும், 1928-ஆம் ஆண்டு வடிவமான மிலான் நகர டிராம்களும் அடுத்தடுத்து ஓடுகின்றன.

ஓ கேஜ்காரர்களுக்கு இன்னொரு வழி உண்டு. கார்கி நிறுவனம் 1:50 விகிதத்தில் வார்ப்பு உலோகத்தால் செய்த பி.சி.சி. மாதிரிகள் மோட்டார் இல்லாதவை. ஆனால் 1:48-க்கும் அவற்றுக்கும் உள்ள வேறுபாடு நூற்றுக்கு நான்கே. அடியில் மோட்டார் போகி (மோட்டாரும் சக்கரங்களும் கொண்ட, திரும்பக்கூடிய அடிச்சட்டம்) ஒன்றைப் பொருத்தினால் அவை ஓடும். நிஜ பி.சி.சி. போகியில் இரு அச்சுகளுக்கு இடையிலான தூரம் 1.9 மீட்டர், அதாவது 1:50-இல் 38 மி.மீ.; அதற்கு ஓரிரு மில்லிமீட்டருக்குள் வரும் போகியைத் தேர்ந்தெடுங்கள். கூடு உலோகம் என்பதால், போகி அமரும் இடத்தில் பிளாஸ்டிக் தகடு வைத்துக் காப்பிடுவதை மறந்துவிடக் கூடாது. இல்லாவிட்டால் இரு தண்டவாளப் பாதையில் முதல் வளைவிலேயே ஷார்ட் ஆகும்.

அறிகுறி: சக்கரம் ஒருமுறை சுற்றும்போதெல்லாம் வண்டி ஒரு கணம் தயங்குகிறது

கைமாறிய வண்டிகளில் இது மிகவும் பொதுவான குறை. தயக்கம் சீரான இடைவெளியில் வந்தால், தண்டவாளத்தைச் சந்தேகிக்க வேண்டாம். அச்சில் இறுக்கி மாட்டிய பிளாஸ்டிக் பற்சக்கரம் விரிசல் கண்டிருக்கிறது. பல ஆண்டுகள் அச்சின் இறுக்கத்தைத் தாங்கிய பிளாஸ்டிக் சுருங்கி, இரு பற்களுக்கு இடையே முடியளவு பிளந்துவிடுகிறது. அந்த இடத்தில் மட்டும் பற்களின் இடைவெளி கூடிவிடுவதால், ஒவ்வொரு சுற்றிலும் வார்ம் எனப்படும் திருகுப்பல் அங்கே முட்டி நிற்கிறது. உருப்பெருக்கியால் பார்த்தால் பிளவு தெரியும். பசை வைத்து ஒட்டுவது நிலைக்காது. பற்சக்கரத்தையோ அச்சுத் தொகுதியையோ முழுதாக மாற்றுங்கள்.

தயக்கம் சீராக இல்லாமல், வண்டி சூடேறியதும் குறைகிறது என்றால் பழைய கிரீஸ் இறுகியிருக்கிறது. அதை முழுதும் துடைத்தெடுத்துவிட்டுப் பிளாஸ்டிக்கைப் பாதிக்காத புதிய கிரீஸைச் சிறிதளவு இடுங்கள். உலோக வார்ப்புச் சட்டமே உப்பி, வலைபோல் வெடித்திருந்தால் அது துத்தநாக வார்ப்பின் உள்நோய். அதற்கு மருந்து இல்லை. அப்படிப்பட்ட வண்டியைக் கூட்டுக்காக மட்டும் வாங்கலாம்.

அறிகுறி: இடையிடையே நின்றுவிடுகிறது, விளக்கு சிமிட்டுகிறது, தானாகவே திசை மாறுகிறது

மூன்றும் ஒரே நோயின் மூன்று முகங்கள். டிராமுக்குச் சக்கரங்கள் குறைவு, அச்சுத் தூரம் குறைவு, எடையும் குறைவு; நீண்ட ரயில் எஞ்சின் கவலையின்றிக் கடக்கும் பாயிண்ட்டின், அதாவது தடம் பிரியும் இடத்தின், பிளாஸ்டிக் முனையில் இரண்டு அச்சு டிராம் மின்சாரத்தை முற்றிலும் இழந்துவிடும். நடுவிலும் ஒரு தண்டவாளம் உள்ள மூன்று தண்டவாள ஏ.சி. பாதையில், மின்சாரம் ஒரு நொடி அறுந்தால் திசையை மாற்றும் மின்னணுச் சுற்று வண்டிக்குள் இருக்கும். அழுக்கால் ஏற்படும் கண்ணிமைப்பொழுது அறுபடலையும் அது கட்டளை என்றே எடுத்துக்கொள்கிறது.

முதலில் தண்டவாளத்தையும் சக்கரங்களையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடையுங்கள். மூன்று தண்டவாள வண்டியில், நடுத் தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் நடு உருளையும் அதன் அச்சும் கறுத்திருக்கும். அவற்றையும் துடைக்க வேண்டும். தண்டவாளத்தை உப்புத்தாளால் தேய்க்க வேண்டாம். அது விடும் கீறல்களில் அழுக்கு முன்னைவிட விரைவாகப் படியும். பிறகு, எத்தனை சக்கரங்கள் உண்மையில் மின்சாரம் எடுக்கின்றன என்று மல்டிமீட்டரால் சோதியுங்கள். ரப்பர் வளையம் மாட்டிய சக்கரம் மின்சாரம் எடுக்காது. மின்சாரம் எடுக்காத உலோகச் சக்கரங்களின் பின்புறத்தில், மெல்லிய பாஸ்பர் வெண்கலக் கம்பி ஒன்று தொட்டும் தொடாததுபோல் உரசும்படி அமைத்து, அதிலிருந்து ஒயரைச் சால்டர் செய்துவிடுங்கள். ஒரே நடு உருளை உள்ள வண்டிக்கு இரண்டாவது உருளையைச் சேர்ப்பதே எல்லாவற்றையும்விடப் பலன் தரும். ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியே டிஜிட்டல் கட்டளை அனுப்பும் டி.சி.சி. முறையில் ஓட்டுவோர், வண்டிக்குள் அக்கட்டளையைப் படிக்கும் டிகோடரோடு கெபாசிட்டர் தொகுதி ஒன்றை இணைத்தால், சிறு அறுபடல்களை வண்டி உணராமலே கடந்துவிடும். எடை சேர்ப்பதானால் தரைமட்டத்துக்கு அருகே, ஓட்டும் அச்சின் மேல் வையுங்கள். கூரையில் ஒட்டினால் வண்டி வளைவில் தள்ளாடும்.

அறிகுறி: டிராம் பந்தய வண்டிபோல் ஓடுகிறது

என் கருத்தில், நிஜத்தன்மையைக் கெடுப்பதில் இதற்கு இணை வேறில்லை. எவ்வளவு அழகாகச் செய்த டிராமும் இருமடங்கு வேகத்தில் ஓடினால் பொம்மைதான். கடைத்தெருவில் ஓடும் டிராமுக்கு மணிக்கு 25 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அந்த வேகத்தில் ஒரு மீட்டர் நீளத் தண்டவாளத்தைக் கடக்க 1:48 வண்டிக்கு ஏறத்தாழ 7 நொடியும், 1:87 வண்டிக்கு 12 நொடிக்குச் சற்று மேலும், 1:160 வண்டிக்கு 23 நொடியும் ஆக வேண்டும். தெருமுனை வளைவில் மணிக்கு 10 கி.மீ. என்றால், 1:87-இல் அதே ஒரு மீட்டருக்கு 31 நொடி. கடிகாரத்தை வைத்து ஒருமுறை சோதித்துப் பாருங்கள். இவ்வளவு மெதுவாகவா என்று முதலில் தோன்றும், பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தால் அதுவே இயல்பாகிவிடும்.

வேகத்தைக் குறைத்தால் வண்டி நின்றுவிடுகிறது என்பதுதான் வழக்கமான சிக்கல். வண்டியில் இரண்டு மோட்டார்கள் பக்க இணைப்பில் இருந்தால், அவற்றைத் தொடர் இணைப்புக்கு மாற்றுங்கள். ஒவ்வொன்றுக்கும் பாதி மின்னழுத்தமே செல்வதால் வேகம் தணிந்து, மெதுவான ஓட்டமும் சீராகும். ஒரே மோட்டார் உள்ள வண்டியில், மோட்டாருக்குச் செல்லும் ஒயரில், மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டையோடுகளை எதிரெதிர் இணைகளாக மாட்டலாம். சிலிக்கான் டையோடு இணை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 0.7 வோல்ட்டைக் குறைக்கும். நான்கு இணைகள் ஏறக்குறைய 3 வோல்ட்டைத் தின்றுவிடும். விளக்குக்கான ஒயரை டையோடுகளுக்கு முன்பே பிரித்தெடுத்தால், வண்டி ஊர்ந்தாலும் விளக்கு மங்காது. டையோடுகள் சூடேறும் என்பதால் பிளாஸ்டிக் கூட்டைத் தொடாமல் வையுங்கள்.

டி.சி.சி. டிகோடர் உள்ள வண்டியில் ஒயரைத் தொட வேண்டியதே இல்லை. டிகோடரில் சி.வி. என்ற எண்ணிட்ட அமைப்பு மதிப்புகள் உண்டு; அவற்றில் சி.வி.5 என்ற உச்ச வேக மதிப்பைக் குறைத்து, சி.வி.2 என்ற தொடக்க மின்னழுத்தத்தை வண்டி முதல் படியிலேயே நகரும் அளவுக்கு ஏற்றுங்கள், நடுவேகத்துக்கு சி.வி.6. கிளம்பும்போதும் நிற்கும்போதும் வரும் தாமதத்தை சி.வி.3, சி.வி.4 ஆகியவை கவனித்துக்கொள்ளும். ஆனால் டிராம் ரயிலைவிட விரைவாகக் கிளம்பி விரைவாக நிற்கும் வண்டி. இவ்விரு மதிப்புகளையும் சரக்கு ரயிலுக்கு வைப்பதுபோல் பெரிதாக வைத்துவிடாதீர்கள்.

அறிகுறி: பாதையின் முனையில் திரும்பாமல் நின்றுவிடுகிறது

முட்டியதும் திசை மாறும் பழைய வகை டிராமில், பம்பருக்குப் பின்னுள்ள நெம்புதகடு நகர்ந்தால்தான் திசை மாறும். வேகத்தை மிகக் குறைத்திருந்தால் மோதும் விசை போதாது. முனைத் தடுப்பு பம்பரின் நடுவில் நேராகப் படாமல் ஓரத்தில் பட்டாலும் தகடு பாதியிலேயே நின்றுவிடும். தகட்டைச் சுத்தம் செய்து தடுப்பின் உயரத்தைச் சரிசெய்யுங்கள். டி.சி. பாதையில் தானாகத் திசைமாற்றும் கருவியை வைத்திருப்பவர்கள், முனைக்குச் சற்று முன் ஒரு தண்டவாளத்தை வெட்டி, அந்த வெட்டின் குறுக்கே டையோடு ஒன்றை இணைப்பார்கள். வண்டி அங்கே வந்ததும் நின்று, மின்னோட்டம் திசை மாறியதும் வெளியே வர வேண்டும். நிற்காமல் ஓடிப்போனால் டையோடு தலைகீழாக இருக்கிறது. நின்ற வண்டி வெளியே வராவிட்டால் டையோடு எரிந்திருக்கிறது.

அறிகுறி: வளைவில் தடம்புரள்கிறது, அல்லது எதிரே வரும் டிராமோடு உரசுகிறது

நிஜ டிராம்கள் மிக இறுக்கமாகத் திரும்பும். டொராண்டோ நகரப் பாதைகளின் குறைந்தபட்ச வளைவு ஆரம் சுமார் 11 மீட்டர்தான்; அது 1:87-இல் 126 மி.மீ. ஆகவே இறுக்கமான வளைவு தன்னளவில் தவறல்ல, வண்டி அதற்குத் தயாராக இருக்க வேண்டும் என்பதே கேள்வி. வண்டியைத் தலைகீழாகப் பிடித்துப் போகியை இருபுறமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். சக்கரங்களை மறைக்கும் பக்கப் பாவாடைத் தகடோ, படியோ, இறுகிய ஒயரோ எங்கே தடுக்கிறது என்பது தெரிந்துவிடும். பாவாடையின் உட்புறத்தை மட்டும் அரத்தால் இழைத்து மெலிதாக்கினால் வெளித்தோற்றம் கெடாது. ஒயர் விறைப்பாக இருந்தால் மிக மெல்லிய பலநரம்பு ஒயருக்கு மாற்றுங்கள். தடம்புரள்வது எப்போதும் ஒரே அச்சு என்றால், சக்கரங்களின் இடைவெளியை, மாதிரி ரயில் தரஅளவுகளை வகுக்கும் அமெரிக்கச் சங்கமான என்.எம்.ஆர்.ஏ.வின் அளவுக்கருவியால் சோதியுங்கள்.

உரசலுக்குக் கணக்கு உண்டு. வளைவில் வண்டியின் நடுப்பகுதி உட்பக்கமாகவும், இரு முனைகளும் வெளிப்பக்கமாகவும் நீட்டிக்கொண்டு நிற்கும். போகி மையங்களுக்கு இடையிலான தூரத்தின் வர்க்கத்தை, ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் உட்பக்க நீட்டம் கிடைக்கும். எச்.ஓ. பி.சி.சி. வண்டியில் அந்தத் தூரம் சுமார் 80 மி.மீ.; 230 மி.மீ. ஆரமுள்ள வளைவில் நடுப்பகுதி 3.5 மி.மீ. உள்ளே வரும், முனை 10 மி.மீ.க்குச் சற்று மேல் வெளியே போகும். நிஜ வண்டியின் முனைகள் குறுகிச் சரிந்திருப்பதற்கு இதுவே காரணம். மாதிரியிலும் அந்தச் சரிவு இருந்தால் நீட்டத்தில் ஒரு பகுதி குறையும். இரட்டைப் பாதை என்றால் இரண்டு நீட்டங்களையும் கூட்டி, அதற்கு மேலும் சில மில்லிமீட்டர் விட்டு, வளைவில் மட்டும் பாதைகளைத் தள்ளி அமையுங்கள். தண்டவாளத்தை நிரந்தரமாகப் பதிப்பதற்கு முன், வண்டியின் பக்கவாட்டில் பென்சிலைக் கட்டி, கையால் மெல்லத் தள்ளி, பலகையில் விழும் கோட்டைப் பார்த்துவிடுவது எந்தக் கணக்கைவிடவும் நம்பகமானது.

அறிகுறி: அளவும் வேகமும் சரி, ஆனாலும் பொம்மைபோல் தெரிகிறது

வண்டியை உங்கள் கண் மட்டத்துக்கு உயர்த்திப் பக்கவாட்டில் பாருங்கள். பெரும்பாலான மாதிரிகள் தண்டவாளத்துக்கு மேல் எம்பி நிற்கும். போகிக்கும் அடித்தளத்துக்கும் இடையிலுள்ள திண்டை ஒரு மில்லிமீட்டர் இழைத்தாலே வண்டி தெருவில் அமர்ந்துவிடும். இழைத்த பிறகு போகி முன்போலவே திரும்புகிறதா என்று மறுபடி சோதிக்க வேண்டும்.

அடுத்தது உள்ளே. காலியான டிராம் ஓடுவது மிக விசித்திரமான காட்சி. ஓட்டுநர் இருக்கையில் ஒருவராவது இருக்க வேண்டும். இரு முனைகளிலும் ஓட்டுமிடம் உள்ள வண்டி என்றால், அது செல்லும் திசையின் முனையில் அவர் இருக்க வேண்டும். முன்னும் பின்னும் ஓடும் பாதையில் இது இயலாது என்பதால், ஓட்டுநரை இரு முனைகளிலும் வைத்து முனைச் சன்னல்களைச் சற்றே புகைநிறமாக்குவது நல்ல சமரசம். பயணிகளை இடுப்பளவில் வெட்டி உட்கார வைக்கலாம். எல்லோரும் ஒரே திசையைப் பார்க்காதபடி தலைகளைத் திருப்பி ஒட்டுங்கள்.

விளக்கு நீலவெண்மையாக எரிந்தால் பழைய டிராம் அந்த நொடியே பொய்யாகிவிடும். மஞ்சள் கலந்த வெதுவெண் எல்.இ.டி.யை மாட்டுங்கள், 12 வோல்ட் டி.சி.யில் ஒரு கிலோ ஓம் மின்தடை அதற்குப் போதும். கூட்டின் வழியே ஒளி கசிந்தால், கூரையின் உட்புறத்தில் முதலில் கறுப்பும் அதன்மேல் வெண்மையும் பூசுங்கள். முனைக்கு மேலே செல்லுமிடப் பலகையில் ஊர்ப் பெயரும் தட எண்ணும் இருக்கட்டும். வெறும் பலகை, வண்டி எங்கும் போகவில்லை என்றே சொல்கிறது.

அறிகுறி: புது வண்ணம் உரிகிறது, டீகாலின் (ஒட்டும் எழுத்துப் படத்தின்) ஓரம் வெள்ளி பூத்துத் தெரிகிறது

பழைய வண்ணத்தை நீக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை முதலில் கூட்டின் உட்புறத்தில் ஒரு மூலையில் சோதித்துப் பாருங்கள். அசிட்டோன் கலந்த எதுவும் ஸ்டைரீன் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். சோப்பு நீரில் கழுவி உலர்த்தி, விரல் படாமல் பிரைமர் அடித்து, வெளிர் நிறத்தை முதலிலும் அடர் நிறத்தை அடுத்தும் பூசுங்கள். மாஸ்கிங் டேப்பின் ஓரத்தில் முதலில் அடிநிறத்தையே ஒருமுறை தெளித்தால் அடுத்த நிறம் கசியாது. டீகால் ஒட்டும் பரப்பு வழவழப்பாக இருக்க வேண்டும் என்பதால், அதற்கு முன் பளபளப்பு வார்னிஷும், ஒட்டி உலர்ந்த பின் மேட் வார்னிஷும் வேண்டும். சன்னல் கண்ணாடியை வார்னிஷுக்கு முன் கழற்றிவிடுங்கள். அழுக்குப் படிவுகளை அளவோடு வையுங்கள்: நகர டிராம்கள் அடிக்கடி கழுவப்படுபவை; கூரையும் போகியும் அழுக்காக இருக்கலாம், பக்கங்கள் அவ்வளவு இருக்காது.

அறிகுறி: கூரைக் கம்பம் கம்பியை விட்டு நழுவுகிறது

முதலில் திசை. டிராலிக் கம்பம் எப்போதும் வண்டியின் பின்புறமாகச் சாய்ந்து இழுபட்டுச் செல்ல வேண்டும்; முன்னோக்கிச் சாய்த்து ஓட்டினால் கம்பி பிரியும் இடத்தில் குத்திக்கொண்டு வளைந்துவிடும். இரண்டு கம்பங்கள் உள்ள வண்டியில் பின்முனைக் கம்பம் மட்டும் உயர்ந்து, முன்முனைக் கம்பம் கொக்கியில் மாட்டப்பட்டிருக்க வேண்டும். படம் எடுக்கும்போது இந்த ஒன்றைச் சரிபார்த்தாலே பாதி நிஜத்தன்மை வந்துவிடும்.

மேல்கம்பி தண்டவாளத்திலிருந்து நிஜத்தில் ஏறத்தாழ 5.5 மீட்டர் உயரத்தில் இருக்கும். 1:48-இல் 115 மி.மீ., 1:87-இல் 63 மி.மீ. உயரம் சரியாக இருந்தும் நேர்பாதையிலேயே நழுவினால் கம்பத்தின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. கம்பி மேலே எக்கி நின்றால் ஸ்பிரிங் மிகைப்பட்டிருக்கிறது. வளைவில் மட்டும் நழுவினால் குறை கம்பி அமைந்த இடத்தில். கம்பியைத் தண்டவாளத்தின் நடுவுக்கு நேர் மேலே தொங்கவிடுவது இயல்பாகத் தோன்றினாலும், பின்னால் இழுபடும் கம்பத்தின் முனை வளைவின் உட்புறமாகவே செல்ல விரும்பும். கம்ப நீளத்தின் வர்க்கத்தை ஆரத்தின் இரு மடங்கால் வகுத்தால் எவ்வளவு உள்ளே என்பது தெரியும்: 65 மி.மீ. கம்பமும் 230 மி.மீ. ஆரமும் என்றால் சுமார் 9 மி.மீ. அது உச்ச அளவு. கம்ப முனையில் சுழலும் காலணி (கம்பியில் உரசும் முனைத்துண்டு) இருந்தால் அதில் பாதியே போதும். கம்பியை வளைவாக வளைக்க முயலாமல், பக்க இழுகம்பிகளால் சிறுசிறு நேர்த்துண்டுகளாக இழுத்துக் கட்டுங்கள். ஒவ்வொரு முடிச்சிலும் கோணம் சிறிதாக இருக்கும்படி இழுகம்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.

மின்சாரம் தண்டவாளத்திலிருந்தே வருகிறது, கம்பி அழகுக்கு மட்டும் என்றால் இவ்வளவு பாடும் வேண்டாம். கம்பத்தின் முனையைக் கம்பிக்கு ஒரு மில்லிமீட்டர் கீழே நிற்கும்படி மெல்லிய நூலால் பின்முனையில் கட்டிவிடுங்கள். நிஜ வண்டியிலும் கம்பத்திலிருந்து பின்முனைக்கு ஒரு கயிறு இறங்குவதால், அந்த நூலை மறைக்க வேண்டிய அவசியமும் இல்லை.